இடப்பக்கம் திரும்பிய மூக்குச் சக்கரம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது சரியாகத் தெரியாது. 'பிளேன்ல வேலை' என்று கேள்விப்பட்டு, விமானப் பணிப்பெண் என்று நினைத்தவர்களும் உண்டு. அக்கா விமானங்களைப் பழுது பார்த்தார். பறக்கலாம் என்று அவர் கையெழுத்திட்ட பிறகே அவை தரையை விட்டு எழும்பும்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்த அக்காவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, அப்பா பூனா பக்கம் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலைக்கு வந்தார். நான் பிறந்தது இங்கேதான். அப்பா திடீரென்று தவறியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டு விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பூனாவுக்கு வெளியே, விமானம் ஓட்டக் கற்றுத்தந்த, இன்று இல்லாத ஒரு சிறிய ஃபிளையிங் கிளப்பில் வேலை கிடைத்தது. அவர் கை வைத்த விமானத்தில் ஏற மாணவர்கள் முதலில் தயங்கினார்களாம். அக்கா பக்கத்து இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்துகொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலம் முடிந்ததும், இறக்கைகள் கழற்றப்பட்டு லாரியில் ஒரு விமானம் அங்கே வந்தது. இரண்டே இருக்கைகள், எங்கள் இருவரையும்விட வயதானது. வேறு ஊரில் தரையிறங்கும்போது மூக்குச் சக்கரத்தின் கால் முறிந்து, ஓட்டியவர் இறந்துபோனார் என்று சொன்னார்கள். மூக்குக்கு அடியில் இருக்கும் அந்த ஒற்றைச் சக்கரம் விமானியின் பெடலோடு இணைந்தது. தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது அதுதான். அக்கா இரண்டு மாதம் உழைத்துப் புதிய காலைப் பொருத்தினார்.

ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தச் சக்கரம் தானாத் திரும்புதுலே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு ஆலை விடுமுறை. விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்கு என்னை அழைத்துப் போனார். நல்ல உச்சிவெயில் நேரம். காற்று புகாதபடி கதவுகளை மூடினார். பெடல்களைக் கயிற்றால் கட்டினார். சக்கரத்தை நேராக நிறுத்தி, அதன் நேருக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். தரையில் சரிவு உண்டா என்று பார்க்க ஒரு பால்பேரிங் குண்டை வைத்தார், அது உருளவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். ஒரு சத்தமும் இல்லை. டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, சக்கரம் கோட்டிலிருந்து நான்கு விரல் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அது திரும்பியதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

"பாத்தியாலே? எப்பவும் இதே நாலு வெரல்தான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." விமானத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோல அக்கா குரலைத் தாழ்த்தியிருந்தார்.

அந்தக் காலைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, சிஞ்ச்வட்டில் நான் வேலை பார்த்த உதிரிபாக ஆலைக்குக் கொண்டுவந்தார். விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் பூசிச் சோதித்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"நல்லாத்தானக்கா இருக்கு."

"அதாம்லே பயமா இருக்கு."

கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் கோயம்புத்தூர்க்காரர், கண்ணியமானவர். "ஏம்மா, சும்மா நிக்கற சக்கரம் தானாத் திரும்புதுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா?" என்று கேட்டாராம். "எழுத வேண்டாம் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அந்தப் பயிற்றுநர் என்னைத் தேடி ஆலை வாசலுக்கே வந்தார். "தம்பி, உங்க அக்காளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காங்க சார். சரியாத் தூங்கறதில்ல" என்றேன். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. என்னையும் பைத்தியம் என்பார்களே என்ற பயம். மறுநாள் அக்காவைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் கையெழுத்திட்டார்.

விமானம் பறக்கவிருந்த அன்று அக்கா வீட்டில் இல்லை. அழைத்துவரக் கிளப்புக்கு ஓடினேன். ஓடுதளத்தை ஒட்டிய புல்வெளியில் நின்றிருந்தார். விமானங்கள் வழக்கமாகத் தரை தொடும் இடத்திலிருந்து, அந்த நான்கு விரல் சாய்விலேயே நடந்து பார்த்திருக்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் புல் அறுக்கும் பெண்கள் ஆறு பேர் பாக்ரி ரொட்டி மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உட்டா! இத்தூன் உட்டா!" என்று மராத்தியில் எழுந்து போகச் சொல்லி அக்கா கத்தினார். அவர்கள் சிரித்தார்கள். அக்கா மூட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓட, திட்டிக்கொண்டே பின்னால் துரத்தினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. "வாக்கா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது, மேலே போயிருந்த விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. பிறகு மூக்கு மெல்லத் தாழ்ந்தது. சக்கரம் தரையில் பட்டதும் விமானம் இடப்பக்கம் திரும்பியது. தடுமாறவில்லை, வழி தெரிந்தவர் நடப்பதுபோல ஓடுதளத்தை விட்டு இறங்கி, புல்லுக்குள் நேராக மரத்தை நோக்கி ஓடியது. மூக்குக் கால் முறிந்து, அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த மண்ணைப் புரொப்பெல்லர் கிழித்தது. ஓட்டிய இளம் பயிற்றுநர் தோள் எலும்பு முறிந்து உயிரோடு இறங்கினார். வலது பெடலை விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூட்டைகளை மறந்து மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

பெடலையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி அன்றைக்குத்தான் உடைந்திருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். நின்ற இடத்தில் சக்கரம் திரும்பியதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்டதற்கு, "தெரியாது. பயமாக இருந்தது" என்று மட்டும் அக்கா எழுதிக் கொடுத்தார். அவரைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். போனார். கிளப் மூடும்வரை அங்கேயே இருந்தார். பிறகு கசார்வாடியில் ஒரு பட்டறைக்கு மேற்பார்வையாளரானார்.

சென்ற ஆண்டு மருத்துவமனையில், நோய் முற்றிய நிலையில், ஆலை வாசலில் நான் சொன்னதை அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"தெரியும்லே. அந்தக் கோயம்புத்தூர் சாரு அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு."

"பின்ன ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீயும் பயந்துபோய்த்தான இருந்த."

அக்காவுக்குக் கடைசி மாதங்களில் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக் குடும்பங்களுக்கும், கோபப்படாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த சித்தப்பா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த ஆறு பெண்களுக்கும் நன்றி. கூடப் பிறந்த நான் அன்று அக்காவை நம்பவில்லை. அவர்களும்தான் நம்பவில்லை, ஆனாலும் எழுந்து வந்தார்கள்.