வேகாத களி

என் கணவருக்கு மறதி நோய் வந்தபோது முதலில் போனது மலையாளம். மட்டாஞ்சேரி மிளகுக் கடைகளில் ஆயுள் முழுக்க மலையாளத்தில் பேரம் பேசிய மனிதர். இப்போது அடுத்த வீட்டுச் சேட்டன் "சுகமாணோ?" என்றால், என்னைப் பார்த்து "இவர் என்ன பாஷை பேசறார்?" என்கிறார். தமிழ் மிஞ்சியது. அதோடு என் சமையலில் குறை சொல்லும் பழக்கமும் மிஞ்சியது.

பிறகு பசியும் போனது. ஊட்டினால் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்வார், விழுங்க மாட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயை இவர் பிடுங்கி எறிவார், உடனே கையைக் கட்டிப்போடுவார்கள். 

கொச்சங்காடியில் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் மறதிக்காரர்களுக்கான பகல் இல்லம் இருக்கிறது. தினமும் அவரை அங்கே அழைத்துப் போய்க் கூடவே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஆலுவாவிலிருந்து கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். வயதானவர்களோடு சேர்ந்து வயதானவர்களுக்கான விளையாட்டுகளை உருவாக்கப் போகிறார்களாம். கொண்டுவந்த பலகையில் படகு, சீனவலை, யானை எல்லாம் வரைந்திருந்தது. சுற்றுலா வந்தவர்களுக்கு நிச்சயம் ஞாபகம் திரும்பும்.

ஒரு பெண் இவரை அழைத்தாள். "அங்கிளே, வரூ, களிக்காம்."

மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. எங்கள் வீட்டில் களி என்றால் திருவாதிரைக்கு வறுத்த அரிசியை உடைத்து, வெல்லம் போட்டுக் கிளறுவது.

"களியா? இன்னிக்குத் திருவாதிரையா?" என்றவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பலகையிலிருந்து ஒரு மரக்காயை எடுத்துக் கடித்தார்.

"வேகலை" என்றார்.

பிள்ளைகள் பதறிப்போய்க் காயைப் பிடுங்கினார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். அவராக ஒன்றை எடுத்து வாயில் வைத்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

"அங்கிள் எந்தா பறஞ்ஞது, ஆன்ட்டீ?" என்று அவர் சொன்னதற்கு அந்தப் பெண் அர்த்தம் கேட்டாள். களியையும் விளக்கினேன், அவர் குறை சொல்லும் அழகையும் விளக்கினேன். அவள் யானைப் பலகையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த வாரம் வாழையிலை வடிவத்தில் பலகை வந்தது. காய்களுக்குப் பதில் களி உருண்டை. கிளறிக் கொண்டுபோனது நான். ஒருவர் பரிமாற வேண்டும், மற்றவர் தின்றுவிட்டுக் குறை சொல்ல வேண்டும். குறை சொன்னால் ஒரு பாயின்ட்.

"ஈ ரூல் அங்கிளின்டெயா" என்றாள் அந்தப் பெண் பெருமையாக. இந்த விதி இவருடையதாம்.

எதிரே உட்கார்ந்த ரிட்டயர்டு டீச்சர் எதைத் தின்றாலும் "நன்னாயிட்டுண்டு" என்று சொல்லித் தோற்றுக்கொண்டே இருந்தார். இவர் மென்றார். விழுங்கினார். "வெல்லம் ஜாஸ்தி" என்றார். அடுத்ததற்கு "நெய் போறாது." என் வீட்டுக்காரர் ஜெயித்து நான் பார்த்த முதல் விளையாட்டு இது.

என் முறை வந்தது. பரிமாறினேன். நிதானமாகத் தின்று முடித்து, என்னை மரியாதையாகப் பார்த்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ மாமி. என் ஆத்துக்காரி பண்றாப்பல வராது."

இத்தனை வருஷத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதையும் யாரோ ஒரு மாமியிடம் சொல்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அந்தப் பெண்ணுக்குக் குழப்பம். "ஆன்ட்டீ, அது குற்றமாணோ?"

"குத்தந்தான். பாயின்ட் போடு" என்றேன்.

அவர் இலையை என் பக்கம் நகர்த்தி, இன்னொரு உருண்டைக்குக் காத்திருந்தார்.