சைவப் பலகை

உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்த ரப்பர் மரப் பலகையில் வெயில் படும்போது ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், அது மூக்கில் ஏறினால் போதும், தைப்பூசம் வந்துவிட்டதென்று இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்காது! தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குத் தைப்பூசம் என்றால் ரதமும் காவடியும் தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் ரோஸ் தண்ணீரும்தான். எனக்கோ அது ‘சைவப் பலகை’ அலமாரி மேலிருந்து கீழே இறங்கும் திருநாள்.

எங்கள் அடுப்படியில் வெட்டுப் பலகை இரண்டு. மீனும் கோழியும் வெட்டும் ‘கவுச்சிப் பலகை’ ஆண்டு முழுக்கச் சட்டிபானைகளுக்கு நடுவே கிடக்கும். சைவப் பலகையோ பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, விரதம் தொடங்கும்வரை மாமியார் தோரணையில் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அதைக் கொடுத்தவர் அப்பாவின் தங்கை லெட்சுமி அத்தை. எதிர் வீட்டில் குடியிருந்துகொண்டு, தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவில் மரச்சாமான் செய்யும் வேலைக்குப் போனவர். கொடுத்ததோடு விட்டாரா? “மரத்த வச்சுப் பொழைக்கப் பொறுமை வேணும் அண்ணி. உங்களுக்குப் பிளாஸ்டிக்தான் சரிலா” என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார்.

அம்மாவுக்குப் பிளாஸ்டிக் பலகை என்ற பேச்சே ஆகாது. அதில் கத்தி வழுக்குகிறது, கூர் சீக்கிரம் மழுங்குகிறது, வெட்டுகிற சத்தம்கூடக் காதுக்கு ஒட்டவில்லை என்பார். அதனால் சைவப் பலகையைத் தண்ணீரில் ஊறப் போடவே மாட்டார்; கழுவிய கையோடு துடைத்து, நன்றாக உலர்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல உள்ளங்கையால் தேய்ப்பார். ஆனால் விரதம் வந்துவிட்டால் மட்டும் அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிடும். வீட்டில் எதுவாக இருந்தாலும் மஞ்சள் தண்ணீரில் முங்க வேண்டும், வெயிலில் காய வேண்டும்.

அப்பா காவடி எடுத்த ஆண்டில்தான் அது நடந்தது. எங்கள் சந்துப் பந்தலில் பெரிய குவாலிச் சட்டியில் அரிசிச் சேமியாவைப் போட்டுச் சைவ மீஹூன் பிரட்டுவார்கள். அதற்கான கோஸும் கேரட்டும் பயிற்றங்காயும் முந்தைய நாள் மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி நறுக்கப்படும். அந்த முறை அது எங்கள் வீட்டில்தான் என்று அம்மா சண்டை போட்டு வாங்கியிருந்தார். “அவர் காவடி தூக்குறப்ப, என் வீட்டுல நறுக்கின காய் பந்தலுக்குப் போகணும்னு வேண்டியிருக்கேன்” என்று சந்தெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

காலையில் பலகைக்கு மஞ்சள் குளியல் நடந்தது. பின்கட்டுச் சிமெண்டுத் தரையில், கொளுத்தும் வெயிலில் மல்லாத்திக் கிடத்தினார். மதியம் போய்ப் பார்த்தால் பலகையின் இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கேரட்டை வைத்துக் கத்தியை அழுத்தினால் ‘டக்கு டக்கு’ என்று தொட்டிலாட்டம் ஆடியது. இதில் யாருடைய விரலாவது வெட்டுப்பட்டால் என்ன ஆவது? எல்லாரும் காய்களைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்களே! அம்மா பலகையை அங்கேயே போட்டுவிட்டு, சாமி படத்தின் முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த அத்தை, தோளில் துவாலையோடு பின்கட்டுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார், உள்ளே படுத்திருந்த அம்மாவைப் பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ சத்தமில்லாமல் துவாலையைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் விரித்து, பலகையை அதன்மேல் கவிழ்த்துப் போட்டார்.

“வெயில் பட்ட பக்கம் காஞ்சு சுருங்கிருச்சு பாப்பா. இப்ப அது தண்ணி குடிக்கட்டும், முதுகு காயட்டும். சாயந்தரத்துக்குள்ள நிமிந்துரும். உங்கம்மாகிட்ட மூச்சு விடாத.”

நிமிர்ந்தேவிட்டது! மாலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும் அம்மா தயங்கித் தயங்கிப் பலகையை நடுவில் வைத்தார். அத்தை வேண்டுமென்றே எட்டி அதன் ஓரத்தை ஓங்கி அழுத்தினார். பலகை அசையவில்லை. “பரவால்லயே அண்ணி, மரத்த வச்சுப் பொழைக்கக் கத்துக்கிட்டீங்க” என்றார். அம்மா முகத்தில் அடித்த வெளிச்சத்தைப் பார்த்து நான் குதித்த குதியில் கேரட் கூடையே கவிழ்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அம்மா பலகையை அப்படியே வெயிலில் கிடத்துவார், அது வளையும். அத்தை வந்து வாய் நிறையக் கேலி செய்வார், அம்மா டீ போட உள்ளே போன நேரம் பார்த்துத் திருப்பிப் போடுவார். இவ்வளவு கெட்டிக்கார அம்மாவுக்கு இது மட்டும் ஏன் மண்டையில் ஏறவில்லை என்று நான் சிரித்திருக்கிறேன்.

இப்போது அந்தச் சந்து வீடு இல்லை. பந்தலுக்கு நறுக்கிய காய்களே பைகளில் வந்து இறங்குகின்றன. லெட்சுமி அத்தையும் இல்லை. இது அவர் இல்லாத முதல் தைப்பூசம். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் பலகை மறுபடியும் மல்லாந்து கிடந்ததைப் பார்த்து, “நிறுத்தி வச்சா ரெண்டு பக்கமும் காத்துப் படும், வளையாதும்மா! எத்தன வருஷமா இதே தப்பு?” என்று சத்தம் போட்டேன்.

“எனக்குத் தெரியாதா? மொத வருஷமே அடியில அவ துவாலையப் பாத்துட்டேன்” என்றார் அம்மா. “பலகை நேரா இருந்தா அவ ஏன் வரப்போறா? வளைஞ்சாத்தான வருவா, ரெண்டு வார்த்த திட்டுவா, உக்காந்து ஒரு டீ குடிப்பா.”

என் துவாலையை நனைத்து விரித்து, பலகையைக் கவிழ்த்தேன். “மரத்த வச்சுப் பொழைக்கப் பொறுமை வேணும்மா. உங்களுக்குப் பிளாஸ்டிக்தான் சரிலா” என்றேன்.

அம்மா டீ போட எழுந்து உள்ளே போனார்.