ஆறு பேரின் லெதர் ஜாக்கெட்

அட்லிஸ்வில் முருகன் கோயில் மண்டபத்தில் என் மகள் ஒரு கூட்டம் வைத்தாள். இந்தச் சுவிஸ் நாடு ஆசியர்களை எப்படி நடத்தியது என்று எங்கள் சனத்துக்கே சொல்லப் போகிறாளாம். எனக்கு எரிச்சல். பூசை முடிந்து சாப்பிட வருகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

"அப்பா, வந்த புதுசில எடுத்த படம் ஒண்டு தாங்கோவன். எல்லாரிட்டையும் கேட்டிருக்கிறன்."

"என்னட்டை இல்லை."

பொய். பர்ஸுக்குள் இருந்தது.

அகதி விடுதியில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய கறுப்பு லெதர் ஜாக்கெட். ஊருக்குப் படம் அனுப்புவதென்றால் அதைப் போட்டுக்கொண்டு எவனுடையதோ காருக்குப் பக்கத்தில் நிற்போம். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று அம்மா நினைக்கட்டும். அதே காலத்தில் இங்கே பத்திரிகைகள், லெதர் ஜாக்கெட் போட்ட தமிழன் ஹெரோயின் விற்கிறான் என்று எழுதின. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தால்தானே எங்களுக்கு அது தெரியும். ஒருநாள் அதோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது ரயில் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் என்னைப் பிடித்து, சனம் பார்க்க உள்ளாடையோடு நிறுத்திச் சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அறைக்கு வந்து ஜாக்கெட்டை ஆணியில் கொழுவினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு வந்த மனைவிக்கும் சொல்லவில்லை.

மண்டபத்தில் மகள் முதலில் காட்டியது நூறு வருடத்துக்கு மேல் பழைய படம். இலங்கையில் இருந்து கொண்டுவந்த ஆட்களை இங்கே மிருகக்காட்சிச்சாலையில் வைத்து, டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். வேலிக்குள் இருந்த ஒரு பெண் எங்களையே நேராகப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் இங்கே துன் நகர ஹோட்டல்களில் சட்டி கழுவியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

"எங்களைப் பாக்க ஆர் பிள்ளை இப்ப டிக்கெட் எடுப்பினம்?" என்று ஒருவர் பகிடி விட்டார். சிரித்தார்கள்.

அடுத்த படத்தில் எங்கள் ஜாக்கெட். போட்டிருந்தவன் அந்த அறையில் என்னோடு இருந்தவன்; அன்று மண்டபத்துக்கும் வந்திருந்தான். இப்போது சூக் நகரில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிறான்.

"டேய், ஹீரோ!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் எழும்பினான். "இதைப் போட்டதுக்கு என்னை ரயில் ஸ்டேஷனில பொலிஸ்காரர் உரிஞ்சு விட்டவங்கள்" என்றான். சிரிப்பு நின்றது.

எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னான். எனக்கு நடந்ததற்கு முந்திய மாதம்.

"அப்ப ஏனடா என்னைப் போட விட்டனீ?"

"உன்னையுமோ?" அவன் என்னைப் பார்த்தபடி நின்றான். "வெக்கமடா. எப்பிடிச் சொல்லுறது?"

அவனை அடிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள், பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். பிறகு இன்னொருவர். அவர்களுக்கும் அதே கதை, வேறு வேறு ஸ்டேஷன்கள். வருடக்கணக்காக ஒன்றாக இருந்து சாப்பிட்ட மனிதர்கள். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மகளும் தினமும் என்னைச் சோதித்த அதே ஸ்டேஷனில்தான் ரயில் ஏறுகிறாள். அவளுக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

பர்ஸைத் திறந்து, அன்று ஜாக்கெட்டோடு எடுத்த படத்தை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன்.

"இல்லை எண்டியளே அப்பா?"

"பொய் சொன்னனான். மைக்கைத் தா."