அத்தையின் இரண்டு படங்கள்

"படிச்ச புள்ள, மொத சம்பளத்துல கேமரா வாங்குன, சரி. நடவு நட்டுட்டு வர்றவளுவ மூஞ்சியப் போயி யாரு பாக்கப் போறா?" என்று சித்தப்பா கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் நான் எதைச் செய்தாலும் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்தக் கேள்விக்கான பதில் நன்னிலத்து ஸ்டுடியோ ஒன்றில் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் தங்கைக்கு வரன் பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரர் அத்தையின் படத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கவைத்து, கன்னத்தில் ஏறியிருந்த வெயிலையும் உதட்டுக்கு மேலிருந்த தழும்பையும் துடைத்துக் கொடுத்தார். வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. படம் திருவிடைமருதூர்ப் பக்கம் போனது. மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

வழக்கப்படி அத்தைதான் காபி கொண்டுபோனாள். டம்ளரை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையின் அம்மா, "நீ பொண்ணுக்கு அக்காவாம்மா? தங்கச்சிய வரச் சொல்லு" என்றார்.

"அக்காவும் நான்தாங்க, தங்கச்சியும் நான்தாங்க" என்றாள் அத்தை.

கலந்துபேசிச் சொல்வதாக எழுந்து போனவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவுக்கு அத்தையின் வாய்மேல்தான் கோபம், படத்தின்மேல் இல்லை.

மறுவாரம் அத்தை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். "அண்ணே, இதுல என்னையப் போட்டுத் தாங்க."

"இருக்கிறபடி போட்டா வரன் வராதும்மா."

"வந்த வரன் என்கிட்டயே பொண்ணு எங்கன்னு கேட்டுட்டுப் போயிருச்சுண்ணே."

அவர் சிரித்துவிட்டு, கைவைக்காத பழைய படத்தைத் திரையில் தேடினார். அன்றைக்குக் கூடவே எடுத்திருந்த என் படமும் வந்தது. "மாமா, என்னையும் வெள்ளையாக்குங்க" என்றேன். மவுஸை நாலு தேய்ப்புத் தேய்த்தார். திரையில் நான் டிவி விளம்பரப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தை, "அத அழிங்க" என்றாள்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன். தனக்கு இல்லாத வெளுப்பு எனக்கும் கிடைக்கக் கூடாதென்று அத்தைக்குப் பொறாமை என்றே நினைத்தேன். அந்த நாலு தேய்ப்பில் என்னிடமிருந்து எது போக இருந்தது என்று அந்த வயதில் தெரியவில்லை.

துடைக்காத படத்தோடு அத்தைக்கு அடுத்த வரன் தாமதமாகத்தான் வந்தது. வந்தவர்கள் அவளை யாரென்று கேட்கவில்லை.

சித்தப்பா கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். நான் எடுத்தவற்றில், நடவுக்குப் போன பெண்கள் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டேன். கூத்தாநல்லூர்ச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில், கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பெண் பார்க்கிறவர்களும் நடந்துபோகும் வழியிலுள்ள சுவரைக் கேட்டு வாங்கினேன். நேற்று ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தேன். சேறு காயாத முகங்கள், ஆள் உயரத்தில்.