ஷரிபுதீன் மரைக்கார் கேட்கப் பழகினது

என்னக் கலியாணம் முடிச்ச மனிசன் ஷரிபுதீன், நிந்தவூரில எங்கட பள்ளிவாசலுக்குப் பதினொரு வருஷம் மரைக்காரா இருந்தவரு. மரைக்கார் எண்டா பள்ளி நிருவாகத்தில ஒராள்; புருஷன் பொஞ்சாதி சண்டை வந்தா முதல்ல அவருட வாசலுக்குத்தான் வரும். நான் குடுக்கிற தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள தீர்ப்பு முடிஞ்சிரும். மாப்புள்ளைக்கு நாலு ஏச்சு, பொண்ணுக்கு ரெண்டு புத்தி, மறுகா ரெண்டு பேரையும் ஸலாம் சொல்ல வெச்சு அனுப்பிருவாரு. நூத்திப் பன்னிரண்டு சோடியச் சேத்து வெச்சாராம். எண்ணி வெச்சிரிக்காரு, கணக்கு வாத்தியார்தானே. அதில எத்தின சோடி சேந்தே இருந்திச்சு எண்டு ஒருக்காக் கேட்டன். அந்தக் கணக்கு அவருக்கிட்ட இல்ல.

பென்ஷன் எடுத்த பொறகு சும்மா இருக்க ஏலாம, குடும்ப ஆலோசகர் படிப்பு ஒண்டு படிச்சாரு. அறுபத்தொரு வயசில பரீட்சை எழுதிப் பாஸும் ஆனாரு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா படிச்சு முடிச்ச உடனே தனியா ஒரு சோடிய உக்கார வெச்சுக் கதைக்க விடமாட்டாங்களாம். இருவது சோடியோட கதைச்சு, அவங்கட சம்மதத்தோட அத ஒலிப்பதிவு செஞ்சு, வழிகாட்டி ஒராள் கேட்டுத் திருத்தி, கடைசியில கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. அந்த வழிகாட்டிதான் அம்ஹா மிஸ். கல்முனையில ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில கந்தோர். வயசு முப்பத்திரெண்டு. இன்னும் கலியாணம் முடிக்கல்ல.

"முடிக்காத புள்ள எனக்குக் குடும்பத்தப் பத்திப் படிச்சுத் தரப் போகுது" எண்டு சிரிச்சிட்டுத்தான் முதல் நாள் பஸ் ஏறினாரு. போகக்குள்ள 'அந்த மகள்' எண்டு போனாரு. வரக்குள்ள 'மிஸ்' எண்டு வந்தாரு.

என்ன நடந்த எண்டு கேட்டன். வாற சோடிகளப் பத்தி வீட்டில ஒரு சொல்லுச் சொல்லமாட்டாரு, அது நம்பி ஒப்படைச்ச அமானிதம். தனக்கு விழுந்த ஏச்ச மட்டும்தான் சொல்லுவாரு. மிஸ் பதிவக் கேட்டிட்டு ஒரு துண்டில மூணு இலக்கம் எழுதி நீட்டினாவாம். நாப்பது நிமிஷத்தில இவரு கதைச்சது முப்பத்தொண்டு, புருஷன் ஏழு, பொஞ்சாதி ரெண்டு. "சேர், இந்த மூணு பேரில ஆருக்குப் பிரச்சின?" எண்டும் கேட்டாவாம். அண்டைக்கு ரெண்டு இடியப்பத்தோட ஒழும்பிட்டாரு. எனக்குச் சிரிப்ப அடக்க ஏலல்ல.

இந்த நேரத்தில எங்கட வீட்டிலயும் ஒரு காரியம் ஓடிக்கிட்டு இருந்திச்சு. மகள் பாஹிமாவுக்கு ஒலுவில் ஊரில மாப்புள்ள பேசி முடிஞ்சிட்டு. எங்கட பக்கத்தில மாப்புள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வீட்ட மகள்ட பேருக்கு எழுதிக் குடுத்திட்டு உம்மாவும் வாப்பாவும் பின்வளவில சின்னதா ஒரு வீட்டக் கட்டி ஒதுங்குவாங்க. இது என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு. மகளுக்குக் குடுக்க எனக்கு மனமில்லாம இல்ல, நான் பெத்த புள்ளதானே. ஆனா ரோட்டுப் பக்கத்து அறையிலதான் என்ட தையல் மெஷின் இரிக்கி. பத்தொம்பது வருஷமா அதில அபாயா தைக்கிறன். பஸ்ஸால இறங்கி வாற பொம்புளைகள் ஜன்னலுக்கால ஸலாம் சொல்லிட்டுத்தான் கேற்றத் தொறப்பாங்க. பின்வளவுக் கிணத்தடிக்கு ஆரு வரப் போறாங்க?

"பின்னுக்குப் போனா உனக்கும் ஓய்வுதானே புள்ள, மெஷினக் குடுத்திருவம்" எண்டாரு. நான் பேசாம அரிசி கழுவினன். உடனே போன எடுத்து, வீட்டு உறுதி எழுதுற நொத்தாரிசுக்கிட்டச் சொல்றாரு: "ஓம் ஓம், வீட்டிலயும் சம்மதம். திங்கக்கிழமை கையெழுத்து வெப்பம்." எனக்கு நெஞ்சு எரிஞ்சிச்சு. ஆனா வாய் வரல்ல. முப்பத்தஞ்சு வருஷம் வராத வாய் அரிசிச் சட்டிக்கு முன்னால திடீரெண்டு வருமா?

அந்தக் கிழமைதான் மிஸ்ட ரெண்டாவது அடி விழுந்த. "சேர் ஒரு கேள்வி கேட்டீங்க. அந்தப் பொம்புள ஒண்டும் சொல்லல்ல. நாலு செக்கனில நீங்களே 'சரி, சம்மதம்' எண்டிட்டீங்க. அத ஆரு சொன்ன?"

வந்து எனக்கிட்ட நியாயம் கேக்காரு. "கலியாணக் காவின் எழுதக்குள்ள பொண்ணுக்கிட்டப் போய்க் கேட்டா, அவ பேசாம இருந்தா சம்மதம் எண்டுதானே எடுக்கிற?" ஓம், எனக்கும் அப்பிடித்தான் எடுத்த. வெக்கத்தில நான் தலையக் குனிஞ்சன், சாட்சிக்காரங்க ஓடிப்போய்ச் சம்மதம் எண்டு சொல்லிட்டாங்க. அந்த ஒரு தரத்துக்கு அது சரி. இந்த மனிசன் அத முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் இழுத்திட்டாரு. இதையும் நான் மனசுக்குள்ளதான் சொன்னன்.

மிஸ் வீட்டு வேலை ஒண்டு குடுத்திருந்தா. ஒரு கேள்வி கேக்கணும், மற்ற ஆள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. அத முதல்ல வீட்டில பழகணும். கொழும்பில இரிக்கிற தன்ட வழிகாட்டிக்கிட்ட தானும் இதே பாடத்தில மூணு தரம் தவறினவதான் எண்டும் சொன்னாவாம். அதக் கேட்ட பொறகுதான் மனிசன்ட முகம் கொஞ்சம் தெளிஞ்ச.

வெள்ளிக்கிழமை குசினிக்குள்ள வந்து நிண்டு "இண்டைக்கு என்ன கறி?" எண்டு கேட்டாரு. கணவாய் எண்டன். பொறகும் என்ட முகத்தையே பாக்காரு. "கணவாய்தான், உள்ளுக்குள்ள வேற ஒண்டும் இல்ல" எண்டன். மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, செஞ்சு முடிச்சிட்டன் எண்டு பெருமையாச் சொன்னாரு. "சேர், விடை தெரியாத கேள்வியாக் கேளுங்க. கேக்கப் பயமா இருந்தா இன்னும் நல்லம்" எண்டு அந்தப் பக்கத்தால சொன்னது எனக்கும் கேட்டிச்சு.

ஞாயித்துக்கிழமை பகல் சோறு திண்டிட்டு நான் மெஷினில குந்தியிருந்தன். கதிரையொண்ட இழுத்துக்கிட்டு வந்து முன்னால இருந்தாரு. "சுபைறா, நாளைக்குக் கையெழுத்து. இந்த அறைய விட்டுப் போறது உனக்கு எப்பிடி இரிக்கி?"

நான் பேசல்ல. அவரு தாடியத் தடவினாரு. உடுத்திருந்த சாரன்ட முனையச் சுருட்டினாரு. வாய் ரெண்டு தரம் தொறந்து மூடிச்சு. ரோட்டால அக்கரைப்பற்று பஸ் போச்சு, மறுகா கல்முனை பஸ்ஸும் போச்சு. மனிசன் அசையல்ல. பாக்கப் பாவமா இருந்திச்சு. ஒரு 'ஓம்' சொல்லிக் காப்பாத்தி விடுவமா எண்டும் நெனச்சன்.

"எனக்கு விருப்பமில்ல" எண்டன். "வீடு மகளுக்குத்தான். ஆனா இந்த அறையத் தர ஏலாது, மெஷினையும் குடுக்க ஏலாது. அத எழுதாம நான் கையெழுத்து வெக்கமாட்டன்." சொல்லி முடிச்சுக் கத்திரிக்கோலக் கீழ வெச்சிட்டன்.

அவருட முகம் வெளுத்துப் போச்சு. இப்ப எனக்குப் புத்தி சொல்லப் போறாரு எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன்.

"நீ சம்மதம் எண்டு நானாத்தான் சொல்லிட்டன் புள்ள. பிழ என்ட" எண்டாரு. "உன்ட உசிர் இருக்கிற வரைக்கும் இந்த அறை உனக்கு எண்டு உறுதியில எழுதுவம். மகளுக்கிட்ட நான் கதைக்கிறன்." மறுகா திரும்பவும் கேட்டாரு: "வேற?"

அப்பிடி ஒரு கேள்விய எனக்கிட்ட ஆரும் கேட்டதில்ல. எனக்கு அழுக வந்திட்டு. வேற சொல்ல ஒண்டும் இல்லெண்டுதான் நானும் நெனச்சன். பின்னேரம் அஸருக்கு பாங்கு சொல்ல, அவரு போய்த் தொழுதிட்டு வந்து அதே கதிரையில இருந்தாரு. பொழுதுபட்டு மஃரிபுக்கு பாங்கு சொல்லியும் நான் சொல்லி முடியல்ல.