வெறும் சட்டி

என் மனைவி பஸீஹாவுக்கு இரண்டு பிடிவாதம். ஒன்று, கணினிக்குக் கட்டளை கொடுப்பதென்றால் கறுப்புத் திரையில் எழுதித்தான் கொடுப்பாள். மற்றது, அடுத்த வீட்டிலிருந்து வந்த சட்டியை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டாள். ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டு மூடுவாள். கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எல்லா வீடும் அப்படித்தான். ஆனால் தில்லையடியில் பிறந்த இவள் எங்களையும் மிஞ்சிவிட்டாள்.

கொழும்புக் கம்பெனி ஒன்றின் சேர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது அவள் தொழில். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். எனக்குக் கறுப்பு என்றால் கிரீஸ்தான்.

பக்கத்து வீட்டு றம்லா ராத்தா எங்களுக்கு அக்கா மாதிரி; கருவாடு போட்டு விற்பவர். திடீர் மழை என்றால் அவருக்கு நட்டம். அவருக்காகப் பஸீஹா ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கறுப்புத் திரையில் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு, எழுதினாள். காலையில் வானிலைத் தகவல் ஒரு கோப்பாக வந்து இறங்கும். அதில் மழை என்று இருந்தால் 'மூடுங்க' என்றும், இல்லாவிட்டால் 'காய விடுங்க' என்றும் ராத்தாவின் போனுக்குச் செய்தி போகும். ராத்தா வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "வானம் பொய் சொல்லும், பஸீஹா சொல்ல மாட்டா" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் 'காய விடுங்க' என்று செய்தி வந்தது. ராத்தா முற்றம் நிறைய நெத்தலியைப் பரப்பிவிட்டு எங்களோடு ஒரு கலியாணத்துக்கு வந்தார். திரும்பி வரும்போது நெத்தலி மழைத் தண்ணீரில் மறுபடி நீந்திக்கொண்டிருந்தது.

ராத்தா ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. மறுநாள் அவரிடமிருந்த எங்கள் சட்டியை மதிலில் வைத்துவிட்டுப் போனார். பஸீஹா ஓடிப்போய் மூடியைத் திறந்தாள். கழுவித் துடைத்த வெறும் சட்டி. அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு சுட்டது.

"சட்டி வந்தா உள்ளுக்குச் சாமான் இருக்கும் எண்டுதானே நெனச்சேன்" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு கணினிக்கு ஓடினாள்.

"இங்க பாருங்க, கோப்பு வந்திருக்கா எண்டு மட்டுந்தான் கேட்டிருக்கேன். -e எண்டா அவ்வளவுதான். அண்டைக்கு வெறுங்கோப்பு வந்திருக்கு. அதுல மழை எண்ட பேச்சே இல்ல. அதனால காய விடச் சொல்லிட்டுது!"

"அப்ப என்ன கேக்கணும்?"

"-s. கோப்பு இருக்கா, உள்ளுக்கு ஏதும் இருக்கா எண்டு."

இப்படி ஒரு பிழையை எங்கள் ஒழுங்கைக்காரி மட்டும்தான் விடுவாள். நான் சிரித்தேன். அவள் முறைத்தாள்.

அதை மாற்றினாள். வெறுங்கோப்பு வந்தால் அனுப்ப ஒரு புதுச் செய்தியும் சேர்த்தாள். மதிலடிக்குப் போய் நடந்ததை ராத்தாவிடம் சொன்னாள். அவர் "ம்" என்றதோடு சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தாவின் போனில் செய்தி: 'எனக்குத் தெரியாது ராத்தா. வானத்தைப் பாருங்க.' ராத்தா நிமிர்ந்து பார்த்தார். கடல் பக்கம் கறுத்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் நாங்களும் ஓடினோம். முற்றத்தில் காய்ந்த நெத்தலிமேல் மூவருமாகப் படங்குத் துணியை இழுத்து மூடி முடிக்க மழை கொட்டியது. ஒரு நெத்தலிகூட நனையவில்லை.

"தெரியாதத தெரியாது எண்டு சொல்லுதே, இனி நம்பலாம் புள்ள" என்றார் ராத்தா, நனைந்த முக்காட்டைப் பிழிந்தபடி.

பின்னேரம் மதிலில் ஒரு சட்டி இருந்தது. பஸீஹா கிட்டப் போனாள். மூடியைத் திறக்கவில்லை. முதலில் தூக்கிப் பாரம் பார்த்தாள்.

"இருக்கு!" என்று கத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.