மூன்று ‘யா’வும் ஒரு வாஃபன்ஷைனும்

1. ஜன்னல் இல்லாத ஹால்

என்னுடைய வாஃபன்ஷைன், அதாவது பிஸ்டல் கொண்டு திரிவதற்கான அனுமதி, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போன நான், கால் மணி நேரத்தில் குற்றவாளியாகவும் குடிகாரனாகவும் வெளியே வந்தேன்.

பணம் ஏற்றும் வண்டியில் எனக்குக் காவல் வேலை. வங்கி, பேரங்காடி, பணம் எடுக்கும் மெஷின் என்று நாள் முழுக்க ஓட்டம். பிஸ்டல் இடுப்பில், அதை மறைக்க மேலே ஜாக்கெட். வேலை நேரத்தில் மட்டும்தான் அது என்னிடம் இருக்கும்.

எட்டாம் வகுப்போடு மன்னாரை விட்டு வெளிக்கிட்டவன் நான். ஜேர்மனிக்கு வந்து கோப்பை கழுவினேன், தோட்டங்களில் ஷ்பார்கெல் என்ற காய்கறித் தண்டு பிடுங்கினேன், கோழித் தொழிற்சாலையில் கால் விறைக்க நின்றேன். எங்கேயும் இரண்டு குளிர்காலம் தங்கியதில்லை. இந்த வேலையில் மட்டும் தங்கிவிட்டேன். காரணம் சின்னது. இருந்த இடத்தில் இருந்தபடி, வண்டி ஜன்னலுக்கு வெளியே ஊர் மாறிக்கொண்டே இருக்கும். ஊரில் துவக்கைக் கண்டதும் வேலி பாய்ந்த ஆள், இங்கே துவக்கைக் கட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன்.

புதுப்பிக்கத் தவறினால் என்ன நடக்கும் என்று முதலாளி பிராண்ட் முன்பே சொல்லியிருந்தார்.

“ஷைன் இல்லாட்டி வண்டி இல்லை, சூசை. கீழே சில்லறை எண்ணுற ஹாலுக்குத்தான் அனுப்புவன். அங்கை ஹீட்டர் இருக்கு, ரேடியோ இருக்கு.”

“ஜன்னல்?”

“ஜன்னல் இல்லை.”

2. யா, யா, யா

அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்தவர் கிளிங்கர் அம்மா. மேசையில் ஒரு கள்ளிச்செடி, அதைவிடக் கொஞ்சம் மென்மையான முகம். பொலிஸ் விசாரணை முடிந்து நல்லபடியாக வந்திருந்தது. நேரில் சில கேள்விகள் மட்டும் மிச்சம். அவர் ஜேர்மனில் கேட்டதை நம்முடைய பேச்சில் தருகிறேன். என்னுடைய ‘யா’வை, அதாவது ‘ஓம்’ என்பதை, மட்டும் அப்படியே விடுகிறேன்.

“உங்களுக்கு வழக்கு ஒண்டும் இல்லையே?”

“யா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “குடிப்பழக்கம் இல்லையே?”

“யா.”

“போதைப்பொருள் பாவிக்கிறேல்லையே?”

“யா, யா,” என்று மரியாதைக்காக ஒரு புன்னகையும் சேர்த்துத் தலையை ஆட்டினேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். “நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு உங்களுக்கு விளங்குதோ?”

“யா.”

“அப்ப இதை நான் நீடிக்க ஏலாது. டொக்டரிட்டை அனுப்ப வேணும். கிழமைக்கணக்கிலை எடுக்கும்.”

3. ரஞ்சி அக்காவின் தீர்ப்பு

எங்கள் வண்டியின் சாரதி ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, என்னை விட மூத்தவர். டெப்போவுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“அவ எப்பிடிக் கேட்டவ?”

“குடிப்பழக்கம் இல்லையே எண்டு.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓம் எண்டன்.”

அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். “அட விசரா! தமிழிலை ஓம் எண்டால், நீங்கள் சொல்லுறது சரி, எனக்குப் பழக்கம் இல்லை எண்டு அர்த்தம். ஜேர்மன்காரிக்கு நைன், இல்லை எண்டெல்லே சொல்ல வேணும்? நீ யா எண்டால், அவ நீ வெறிக்குட்டி எண்டுதான் நினைப்பா.”

“இவ்வளவு காலம் இப்பிடித்தானே அக்கா கதைச்சனான்?”

“இவ்வளவு காலம் உன்னட்டை ஆர் கேள்வி கேட்டது? கோழியோ?”

“இப்ப என்ன செய்யிறது?”

“நாளைக்கே போ. யா, நைன் ரெண்டையும் வீட்டிலை வைச்சிட்டுப் போ. முழு வசனமாய்க் கதை.”

செவ்வாய்க்கிழமை காலை அதே கதவைத் தட்டினேன்.

“டெர்மின் எடுக்கேல்லையோ?” என்று, நேரம் குறிக்காமல் வந்ததைக் கேட்டார் கிளிங்கர் அம்மா.

‘யா’ தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். “நான் டெர்மின் எடுக்கேல்லை. நான் குடிக்கிறேல்லை. என்னிலை வழக்கு இல்லை. போதைப்பொருள் பாவிக்கிறேல்லை,” என்று வாசலில் நின்றபடியே ஒப்புவித்தேன். பிறகு நமது ‘ஓம்’ எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன்.

அவர் கள்ளிச்செடியைத் தள்ளி வைத்துவிட்டு என் கோப்பை எடுத்தார். “முந்தியும் உங்கட ஆக்கள் ரெண்டு பேர் இப்பிடித்தான் யா யா எண்டவை. ரெண்டு பேரையும் டொக்டரிட்டை அனுப்பினன். ரெண்டு பேரிலையும் ஒரு பிழையும் இல்லை. எனக்கு அப்ப விளங்கேல்லை.”

கதிரையைக் காட்டிவிட்டு, கேள்வியைத் திருப்பிப் போட்டார். “நீங்கள் குடிப்பீங்களோ?”

“நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிளாஸ் வைன்.”

முத்திரை விழுந்தது. வெள்ளிக்கிழமை நான் வண்டியில்தான் இருந்தேன். மழை. ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எனக்கு அது போதும்.

அடுத்த முறை புதுப்பிக்கப் போனபோது, ‘இல்லையே’ என்று முடிகிற கேள்வி ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் ‘இருக்கிறதா’தான். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எழும்பும்போது மட்டும் கிளிங்கர் அம்மாவுக்குப் பழைய வாய்ப்பழக்கம் வந்துவிட்டது. “வேறை ஒண்டும் மறைக்கேல்லையே?”

“வேலை நேரத்திலை பிஸ்டலை மட்டும் மறைக்கிறனான்,” என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுடுவதைக் கம்பனிக்காரர்களே பழக்குவார்கள். முழு வசனத்தில் பதில் சொல்ல நீங்களாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.